வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல

விடுதி நடத்துகிறவனுக்குக் காபி போடத் தெரியாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். வெயிலுக்கும் மழைக்கும் மன்னிப்புக் கேட்கத் தெரியாவிட்டால் பிழைக்கவே முடியாது. இந்தத் தொழிலில் இருக்கிற சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையா, என் தப்பு. வானத்திலிருந்து தண்ணீர் வந்துவிட்டதா, அதுவும் என் தப்பு. ஒரு அம்மா, "போட்டோல வானம் நீலமா இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் கிளம்பிப் போனார்.

மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் எங்கள் விடுதி. நாலே அறைகள். அறைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், அடுப்படியை என் மனைவி செல்வி பார்த்துக்கொள்கிறாள். வருகிறவர்களோடு வாய்ச்சண்டை போடும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, செல்வியின் அண்ணன் தணிகாசலம் எடுத்துக்கொண்டார். விடுதிக்குப் பின்னாலேயே மச்சானுடைய குத்தகை உப்பளம். பாத்தியில் தண்ணீர் காய்கிற நேரமெல்லாம் அவர் எங்கள் வராந்தாவில்தான் காய்வார்.

முதல் வருஷம் பட்ட பாட்டில், வரவேற்பு மேஜைக்கு மேலே ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல'. அதை முதலில் படித்தவர் மச்சான். இடுப்பில் கை வைத்து இரண்டு தடவை படித்தார். "பின்ன யாரு பொறுப்புன்னு கீழ போட்டு வை மாப்ளே. ஜனங்க அங்க போய்க் கேப்பாங்க இல்ல?"

குல்லாவும் அரை டிராயரும்

ரெமி முதல்முதலாக வந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பொங்கல் முடிந்த காலை. பிரான்ஸில் ஏதோ ஒரு மலைச்சரிவில் ஒயினுக்குத் திராட்சை போடுகிற விவசாயி. அங்கே குளிர்காலத்தில் கொடிகள் இலையெல்லாம் கொட்டித் தூங்கிவிடுமாம். கொடி தூங்குகிற நேரம் இவருக்கு லீவு. முன்னாலெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கூடுகிற குயிலாப்பாளையத்தில் தங்குவாராம். தமிழ் அங்கே டீக்கடையில் கற்றுக்கொண்டது. அங்கே ஸ்கூட்டர் சத்தம் தாங்காமல் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

விடியற்காலை அரை டிராயரும் கையில்லாத பனியனுமாக வராந்தாவில் வந்து நின்றார். எதிரே நாங்கள் மூன்று பேர். நான் தலையில் மஃப்ளர் சுற்றியிருந்தேன். செல்வி சேலைக்கு மேல் என் ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். மச்சான் கண் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாவில் இருந்தார். ரெமி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வீட்டில் ஏதோ தொற்றுநோய் என்று பயந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

குளிருக்காக என்று நான் சொன்னதும் மனிதர் போனை எடுத்து வெப்பநிலை பார்த்தார். இருபத்திரண்டு டிகிரி. தன் ஊரில் ஜனவரியில் இந்தச் சூடு வந்தால், வெயில் தாங்காது என்று நாயை உள்ளே கட்டிவிடுவார்களாம். மச்சான் குல்லாவை வாய்வரைக்கும் மட்டும் தூக்கி எனக்குப் பதில் சொன்னார். "இந்தாளுக்கு உடம்புல உணர்ச்சி செத்துப் போச்சு மாப்ளே. ரூம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு."

ஊட்டிக்காரரின் கம்பளி

இது சம்பந்தமில்லாத கதை மாதிரி இருக்கும். பின்னால் வேண்டியிருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிற ஒரு மே மாதம் ஊட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வந்த கையோடு கேட்டது கம்பளிப் போர்வை. மேலே கனம் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதாம். மரக்காணத்தில் கம்பளிக்கு எங்கே போவது? விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. திண்டிவனம் போய், தேடி அலைந்து, இனி ஒருத்தரும் கேட்டு இல்லையென்று சொல்லக் கூடாது என்ற ரோஷத்தில் நாலு அறைக்கும் சேர்த்து நாலாக வாங்கி வந்தேன். கடைக்காரர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

பெரியவர் ஐந்து நாள் இருந்தார். ஏ.சி.யை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, ஜன்னலைச் சாத்தி, ஸ்வெட்டர் போட்டு, கம்பளிக்குள் புகுந்து, சாப்பாட்டு மேஜைக்குக்கூட வராமல் சாப்பாட்டை உள்ளேயே வாங்கிச் சாப்பிட்டார். கதவு திறக்கும்போதெல்லாம் புகை மாதிரி குளிர் வெளியே வந்தது. போகிற அன்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மரக்காணம் பத்தி எல்லாரும் தப்பாச் சொல்லிட்டாங்க சார். கிளைமேட் அப்படியே எங்க ஊர் மாதிரிதான் இருக்கு."

மோந்து பார்க்கிற குடி

மூன்றாவது வருஷம் ரெமி தன் தோட்டத்து ஒயினில் ஒரு பாட்டில் கொண்டு வந்தார். மச்சானுக்கு அதைக் குடிக்கக் கற்றுத் தருவது என்று முடிவு. முதலில் கண்ணாடி டம்ளரைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் சுழற்ற வேண்டும். அப்புறம் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். மழை பெய்த கல் வாசனை வருகிறதா என்றார் ரெமி. மச்சான் மூக்கை விட்டு, எடுத்து, மறுபடி விட்டார். அரை மணி நேரம் ஆனது. பாட்டில் அப்படியே இருந்தது. "ஏம்பா ரெமி, வாயில ஊத்தறதுக்கு முன்னாடி இவ்ளோ வேலை இருக்குதுன்னா எங்க ஊர்ல பாதிப் பேரு எப்பவோ குடிய விட்டிருப்பாங்க" என்றார்.

ஆனால் மனிதர் விடவில்லை. மறுநாள் இரண்டு கிண்ணங்களில் உப்பு கொண்டு வந்து ரெமி முன்னால் வைத்தார். ஒன்று கடலோரப் பக்கம் இருக்கிற பாத்தி, இன்னொன்று சாலைப் பக்கத்துப் பாத்தி. எது எது என்று நாக்கில் வைத்துச் சொல்ல வேண்டும். ரெமி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீர் காலியானது. கடைசியில் வலது பக்கம்தான் கடலோரம் என்றார். சரியாகச் சொல்லிவிட்டார்! மச்சானுக்கு மரியாதை வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளவும் கூடாது. "பரவால்ல. வெளிநாட்டுக்காரன் நாக்குன்னாலும் நாக்குதான்."

தூங்காத கொடி

போன வருஷ ஜனவரியில் கம்பத்திலிருந்து முருகேசன் என்று ஒரு திராட்சை விவசாயி வந்து தங்கினார். மகளைப் பொம்மையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தவர். சம்பந்தி வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தலை சாய்ப்பதில்லை என்று வைராக்கியம். மூன்றாவது நாள் எங்களிடம் வந்துவிட்டார். பக்கத்து அறையில் இருப்பவரும் திராட்சைக்காரர் என்று தெரிந்ததும் எழுந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே; தூரத்துச் சொந்தம் கிடைத்த மாதிரி இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சொந்தம் காலைப் பலகாரம் முடிகிறவரைக்கும்தான் நீடித்தது.

குளிர்காலத்தில் கொடி நாலு மாதம் தூங்கும் என்று ரெமி பெருமையாகச் சொன்னார். முருகேசன் இட்லியைக் கீழே வைத்துவிட்டார். "நாலு மாசமா! எங்கூருல கொடி ஒறங்கவே ஒறங்காது தம்பி. ஒரு காய்ப்பு வெட்டுனா கவாத்துப் பண்ணி அடுத்த காய்ப்புக்கு விட்ருவோம்" என்றார். ரெமியின் முகத்தில் நிஜமான துக்கம். "பாவம் அந்தக் கொடி. லீவே கிடையாதா?" என்றார். தூங்குகிற கொடிக்குத்தான் சுவை என்று இவரும், தூங்காத கொடிக்குத்தான் சோறு என்று அவரும் பத்து மணி வரைக்கும் வாதாடினார்கள். செல்வி இடையில் மூன்று முறை சட்னி வைத்துப் பார்த்தாள்.

தீர்ப்பு சொல்ல மச்சான் வந்தார். "ரெண்டு பேரும் பேசறீங்களே, எங்க மண்ணுல நட்டுக் காட்டுங்க பாப்போம். உப்புக் காத்துல ஒரு கொத்து வந்துச்சுன்னா நான் உங்க ஊருக்கு வந்து பனியில லுங்கியோட நிக்கிறேன்." வரவில்லையென்றால் ரெமி ஒரு முழு மே மாத நாள் உப்பளத்துப் பாத்தியில் நிற்க வேண்டும். பந்தயம் உறுதியானது. முருகேசன் ஊருக்குப் போன வாரமே வேர் விட்ட ஒரு கன்றை ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் போட்டு அனுப்பினார். பெருமுக்கல் பக்கமிருந்து செம்மண் கொண்டு வந்து கொட்டி, கிணற்றடிக்குப் பக்கத்தில் நட்டோம். சாக்கில் ஒரு சீட்டு தைத்திருந்தது. "இதத் தூங்க விட்றாதீக."

ஒரு படி உப்பு

அந்த ஏப்ரலில் ரெமி போன் செய்தார். குரலே சரியில்லை. குளிர்காலம் முடிந்து கொடிகள் துளிர்த்த பிறகு ஒருநாள் விடியற்காலையில் உறைபனி இறங்கிவிட்டதாம். துளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துவிட்டன. பாதித் தோட்டம் போச்சு. இன்னொரு வருஷம் இப்படி ஆனால் நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் ஏதாவது வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றார். அப்புறம் ஜனவரியில் லீவு ஏது, மரக்காணம் ஏது? "அங்க இருக்கிற கொடி எப்படி இருக்கு? இந்த வருஷம் எனக்கு நல்லா இருக்கிறது அது ஒண்ணுதான்" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மச்சான் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து கிணற்றடிக் கொடிக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றினார். கொத்து வந்தால் லுங்கியோடு பனியில் நிற்கப் போகிறவர் அவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தியபோது முறைத்தார்.

கொடி பந்தலைத் தொட்டது. இந்த ஜனவரியில் ரெமி வந்தபோது பார்த்தால், ஒரு இலை கிடையாது. வெறும் குச்சி. ரெமி ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், சந்தோஷத்தில்! "தூங்குது! மரக்காணத்துல கொடி தூங்குது!" உடனே கம்பத்துக்குப் போன் போட்டு முருகேசனிடம் சொல்லி வெறுப்பேற்றினார். மூன்று நாள் அதன் பக்கத்தில் யாரையும் சத்தம் போட்டுப் பேச விடவில்லை. நாலாவது நாள் ஏதோ சந்தேகத்தில் நகத்தால் பட்டையைக் கீறினார். தூங்குகிற கொடி என்றால் உள்ளே பச்சை இருக்குமாம். இது சருகாகக் காய்ந்திருந்தது.

மச்சான் தானாகவே முன்னால் வந்தார். டிசம்பரில் இலைகள் வாடினவாம். எங்கள் பக்கம் தென்னை காய் பிடிக்காமல் சோர்ந்தால் தூரைச் சுற்றி உப்புப் போடுவது வழக்கம். அதைத்தான் செய்திருக்கிறார். அதுவும் கடலோரப் பாத்தியின் முதல்தர உப்பு, ஒரு படி. பந்தயத்தில் எதிர்க்கட்சி அவர், யார் நம்புவார்கள்? ரெமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரம் மச்சான் வராந்தாவில் ஏறினால் அவர் இறங்கினார். எட்டு வருஷப் பேச்சு நின்றுவிட்டது. மச்சானுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. பந்தயம் செல்லாது, தோற்றது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னிடம் மட்டும், பாத்தி வரப்பில் உட்கார்ந்து, குரல் இறங்கிப் போய்ச் சொன்னார். "ஒரு கொத்தாச்சும் வந்துட்டா அவன் நிலத்த விக்க மாட்டான்னு நெனச்சேன் மாப்ளே."

நாலு கம்பளி

மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீர் பண்ணி, கடல்நீரைக் காயவிட்டு, வருஷத்தின் முதல் உப்பை வாரி வரப்பில் குவித்திருந்த சமயம். பிப்ரவரியில் மழைக்கு இங்கே வேலையே இல்லை. ஆனாலும் ஒரு மத்தியானம் கிழக்கே கறுத்தது. ஆட்களெல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மச்சான் ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு மாத உழைப்பு மொத்தமும் வரப்பில் திறந்து கிடந்தது. நானும் செல்வியும் தார்ப்பாயைத் துரத்தினோம்.

திரும்பிப் பார்த்தால், ரெமி வெறுங்காலோடு வரப்பில் ஓடி வருகிறார். தலைக்கு மேல் ஒரு மூட்டை. வந்தவர் மூட்டையைப் பிரித்து, பெரிய உப்புக் குவியல்மேல், கைக்குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி அருமையாக மூடினார். திண்டிவனத்தில் வாங்கிய என் நாலு கம்பளிகள்! தன் ஊரில் உறைபனி வரும்போது இளங்கொடிகளைத் துணி போட்டு மூடுவார்களாம். ஆபத்து என்றதும் கை தானாக அதைச் செய்துவிட்டது. மழை இறங்கியது. கம்பளிகள் குடிக்க முடிந்த மட்டும் குடித்து, மிச்சத்தை நேராக உப்புக்கு ஊட்டின.

மச்சான் அப்படியே நின்றார். நனைந்துகொண்டு, கரைகிற உப்பைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், மூச்சு வாங்க நிற்கிற ரெமியைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். ரெமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நாலு பேருமாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். பாதிக் குவியல் தப்பியது. கம்பளிகள் இன்றுவரை காயவில்லை. எத்தனை அலசினாலும் உப்பு போகாமல், காற்றில் ஈரம் வந்தால் தானாக நனைந்துகொள்கின்றன. அன்றைக்கு ரெமியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி மச்சான் சொன்னார். "உப்புக்குக் குளிராதுடா பாவி!"

கிளம்பிவிட்ட வெயில்

ரெமி ஊருக்குப் போய் இரண்டு மாதம். ஏப்ரலில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். மச்சானுக்குச் சாப்பாடு கொண்டு உப்பளத்துக்குப் போயிருந்தேன். பாத்தியில் கண் கூசுகிற வெயில். ரெமியிடமிருந்து வீடியோ அழைப்பு. திரையில் ஒரே இருட்டு, அங்கங்கே நெருப்பு. அங்கே இன்னும் விடியவில்லை. மறுபடி உறைபனி இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகத் தீ மூட்டி, கொடிகளுக்கு நடுவில் மனிதர் ஓடிக்கொண்டிருந்தார். வைக்கோல் தீரப் போகிறது, சூரியன் வருகிறவரைக்கும் தாங்கினால் போதும் என்றார். தாங்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

எட்டு வருஷமாக எத்தனையோ பேரிடம் வெயிலுக்காக மன்னிப்புக் கேட்டவன் நான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதில் ஒரு பிடி அள்ளி யாருக்காவது கொடுக்க முடியாதா என்று இருந்தது. மச்சான் உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டு, கையை லுங்கியில் துடைத்து, போனை என்னிடமிருந்து வாங்கினார். அதைத் தலைக்கு மேல் தூக்கி நேராகச் சூரியனிடம் காட்டினார். திரையில் ரெமியின் முகம் வெளிச்சத்தில் காணாமல் போனது.

"பாத்தியாப்பா? எங்களுக்கு உதிச்சு நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இங்கிருந்து கிளம்பிடுச்சு. வழியில எங்கயும் நிக்காது. அங்க வர்ற வரைக்கும் தீய அணைய விடாத. நான் போனை வைக்க மாட்டேன்" என்றார். வைக்கவும் இல்லை. அரை மணி நேரம் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற பாத்தியில் வெறுங்காலோடு நின்றார். நான் என் துண்டை எடுத்து அவர் தலைமேல் பிடித்தேன். கடைசியில் திரையின் ஓரத்தில் ஒரு மலை தெரிந்தது, அதன்மேல் மஞ்சளாக ஒரு கோடு. ரெமி அழுதுகொண்டே சிரித்தார்.

மூன்று நாள் கழித்து ஒரு படம் வந்தது: குச்சி நுனியில் பச்சையாக ஒரு துளிர். கீழே தமிழில் ஒரு வரி, ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல். "நிறைய பிழைத்தது, நிலம் விற்கவில்லை, ஜனவரிக்கு என் ரூம் வேண்டும், கம்பளி வேண்டாம்."

மேஜைக்கு மேலிருந்த பலகையை அன்று மாலையே கழற்றிவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து அனுப்பிய வெயில் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகும் வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றால் யார் நம்புவார்கள்?